மனத்தைக் கற்பிக்கும் பணி

(பங்கின் பொன்விழாவையொட்டி நடைபெற்ற கல்வி நாளன்று, இளைஞர்களுக்கும் பெற்றோர்களுக்கும் பங்குத்தந்தை ஆற்றிய உரை)



இந்தப் பொன்விழா மலருக்காக நம் பங்கு ஈன்றெடுத்த மக்களின் பட்டியல் ஒன்றைத் தயாரித்தோம். குருக்கள் இருக்கிறார்கள், கன்னியர் இருக்கிறார்கள். பள்ளி ஆசிரியர்களுக்கும் செவிலியருக்கும் குறைவே இல்லை. இராணுவத்திலும் மின்வாரியத்திலும் இரயில்வேயிலும் கணினித் துறையிலும் நம் பிள்ளைகள் பணிபுரிகிறார்கள். பெருமைக்குரிய பட்டியல்தான். ஆனால் கல்லூரியில் உளவியல் கற்பிக்கும் ஆசிரியர் ஒருவர்கூட அதில் இல்லை. "அதனால் நமக்கு என்ன சாமி குறைந்துவிட்டது?" என்று நீங்கள் கேட்கலாம். குறைந்துதான் போயிருக்கிறது என்பதைச் சொல்லவே இன்று உங்கள் முன் நிற்கிறேன்.

இந்த ஆண்டு +2 முடித்த பிள்ளைகளில் சிலர் உளவியல் படிக்க வேண்டும், படித்து அதையே கல்லூரியில் கற்பிக்க வேண்டும் என்ற ஆசையோடு பங்கு இல்லத்திற்கு வந்தார்கள். அவர்களுக்குப் பின்னாலேயே பெற்றோரும் வந்தார்கள். "சாமி, நீங்களாவது இதுக்கு எடுத்துச் சொல்லுங்க" என்றார்கள். அவர்கள் சொன்ன மறுப்புகளைத் தொகுத்தால் மூன்று. முதலாவது, இது பைத்தியக்காரர்களைப் பற்றிய படிப்பு. இரண்டாவது, இதைப் படித்தால் விசுவாசம் போய்விடும். மூன்றாவது, இதற்கு வேலை கிடைக்காது. இம்மூன்றையும் ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

இது யாரைப் பற்றிய படிப்பு?

முன்பு மனோதத்துவம் என்று அழைத்ததையே இப்போது உளவியல் என்கிறோம். இது நோயாளிகளைப் பற்றிய படிப்பு மட்டுமன்று. நம் எல்லோரையும் பற்றிய படிப்பு. நாம் எப்படிப் பார்க்கிறோம், எப்படிக் கேட்கிறோம், எதை நினைவில் வைக்கிறோம், எதை மறக்கிறோம், குழந்தை எப்படிப் பேசக் கற்றுக்கொள்கிறது, கூட்டத்தில் நிற்கும் மனிதன் தனியாக நிற்கும் மனிதனைவிட ஏன் வேறாக நடந்துகொள்கிறான் என்றெல்லாம் ஆராய்கிற துறை இது. 1879-ஆம் ஆண்டு ஜெர்மனி நாட்டில் லைப்ஸிக் பல்கலைக்கழகத்தில் வில்ஹெல்ம் வுண்ட் என்பவர் இதற்கென்று ஓர் ஆய்வுக்கூடம் நிறுவினார். அன்றிலிருந்து இது தனி அறிவியலாக வளர்ந்து வருகிறது.

இரண்டே எடுத்துக்காட்டுகள் சொல்கிறேன். எப்பிங்காவுஸ் என்னும் ஜெர்மானியர் பொருளற்ற அசைகளைத் தாமே மனப்பாடம் செய்து, எவ்வளவு நேரத்தில் எவ்வளவு மறந்துபோகிறது என்று அளந்து, 1885-இல் நூலாக வெளியிட்டார். கற்றதில் பெரும்பகுதி முதல் சில மணி நேரத்திலும் முதல் நாளிலும் நழுவிவிடுகிறது, எஞ்சியது மெதுவாகவே மறைகிறது என்று அவர் கண்டார். ஒரே மூச்சில் உருப்போடுவதைவிட, இடைவெளி விட்டுப் பலமுறை படிப்பதே நிலைக்கும் என்பதும் அவர் ஆய்வில் தெரிந்தது. தேர்வுக்கு முந்தின இரவு முழுவதும் விழித்திருக்கும் நம் பிள்ளைகளுக்கும், ஞாயிறன்று சொல்லிக் கொடுத்துவிட்டு அடுத்த ஞாயிறுவரை திரும்பிப் பாராத நம் மறைக்கல்வி ஆசிரியர்களுக்கும் இது எவ்வளவு பயனுள்ள செய்தி!

இன்னொன்று. சம நீளமுள்ள இரு கோடுகள். ஒன்றன் முனைகளில் அம்புக்குறி போல உள்நோக்கி மடங்கிய சிறகுகள், மற்றொன்றன் முனைகளில் வெளிநோக்கி விரிந்த சிறகுகள். பார்ப்பவர் கண்ணுக்கு இரண்டாவது கோடே நீளமாகத் தோன்றும். 1889-இல் முல்லர்-லயர் என்பவர் வெளியிட்ட இந்தச் சோதனை இன்றும் நம் கல்லூரி ஆய்வுக்கூடங்களில் மாணவர்கள் செய்கிற முதற் பயிற்சிகளில் ஒன்று. இதில் வியப்பு என்னவென்றால், அளவுகோல் வைத்து அளந்து இரண்டும் சமம் என்று அறிந்த பிறகும் கண் அப்படியேதான் காட்டும். அறிவு வந்தாலும் தோற்றம் மாறுவதில்லை. ஆகவே, "என் கண்ணால் பார்த்தேன்" என்று சத்தியம் செய்கிற அண்டை வீட்டாரிடத்தில் கோபப்படுமுன் சற்றே பொறுமை காட்ட இந்தக் கோடுகள் கற்றுத் தருகின்றன. தாழ்ச்சி என்னும் புண்ணியத்தை அளவுகோலால் கற்பிக்கும் பாடம் இது.

இங்கே ஒரு தெளிவு வேண்டும். மனநல மருத்துவர் வேறு, மருத்துவ உளவியலாளர் வேறு, உளவியல் ஆசிரியர் வேறு. மனநல மருத்துவர் எம்.பி.பி.எஸ். படித்து, அதன்மேல் மனநோய் மருத்துவத்தில் பட்டமேற்படிப்பு முடித்தவர். அவரே மருந்து எழுதித் தருபவர். மருத்துவ உளவியலாளர் அதற்கென்ற சிறப்புப் பயிற்சி முடித்து, 1992-ஆம் ஆண்டுச் சட்டத்தின்கீழ் இயங்கும் இந்திய மறுவாழ்வு மன்றத்தில் பதிவு பெற்றவர். உளவியல் ஆசிரியர் முதுகலைப் பட்டம் பெற்றுக் கல்லூரியில் கற்பிப்பவர். முதுகலை முடித்தவுடன் வீட்டு வாசலில் பலகை மாட்டி நோய் தீர்க்கப் புறப்படுவது முறையன்று. கற்பிக்கும் பணி அதனால் தாழ்ந்த பணியும் அன்று. மருத்துவர் ஒரு நாளில் சிலரைத்தான் பார்க்க முடியும். ஆசிரியரோ ஆண்டுதோறும் ஒரு வகுப்பு முழுவதையும் உலகத்திற்குள் அனுப்புகிறார். அவர்களில் ஒருவர் செவிலியர் ஆகலாம், ஒருவர் காவல்துறை அதிகாரி ஆகலாம், ஒருவர் கன்னியர் சபையில் சேரலாம், பலர் தாயாகவும் தந்தையாகவும் ஆவார்கள். அத்தனை வீடுகளிலும் அந்தப் பாடம் போய் உட்காருகிறது.

விசுவாசத்திற்கு ஆபத்தா?

இரண்டாவது மறுப்பு என்னைப் போன்ற குருக்களிடமிருந்தே சில காலம் வந்தது என்பதை மறைக்க வேண்டியதில்லை. கடவுள் நம்பிக்கையை ஒரு மாயை என்று 1927-இல் நூல் எழுதினார் ஃபிராய்டு. 1961-ஆம் ஆண்டு உரோமைத் திரு அலுவலகம் குருக்கள் அனுமதியின்றி உளப்பகுப்பாய்வில் ஈடுபடலாகாது என எச்சரித்தது. அந்த அச்சத்திற்குக் காரணம் இருந்தது. ஆனால் அது மட்டுமே திருச்சபையின் வரலாறு அன்று.

புனித தாமஸ் அக்குவினாஸ் தம் இறையியற் சுருக்கத்தில் துயரத்திற்கு மருந்து எது என்று கேட்டு விடை சொல்கிறார். செபத்தை மட்டும் அவர் சொல்லவில்லை. அழுவது, நண்பர்களின் ஆறுதல், உண்மையைத் தியானிப்பது, இவற்றோடு நல்ல உறக்கத்தையும் குளியலையும்கூடச் சேர்த்துக் கூறுகிறார்! பதின்மூன்றாம் நூற்றாண்டுத் துறவிக்கு மனமும் உடலும் ஒன்றோடொன்று பின்னியவை என்பது தெரிந்திருந்தது. எலியா இறைவாக்கினரை நினைத்துப் பாருங்கள். பாலைநிலத்தில் ஒரு செடியின் அடியில் உட்கார்ந்து, போதும், என் உயிரை எடுத்துக்கொள்ளும் என்று மன்றாடியவர் அவர். அவருக்கு இறைவன் முதலில் அறிவுரை கூறவில்லை. தூதரை அனுப்பி உறங்க விட்டார், எழுப்பி அப்பமும் தண்ணீரும் கொடுத்தார், மீண்டும் உறங்க விட்டார். பணியைப் பற்றிய பேச்சு அதற்குப் பின்னரே வந்தது. சோர்ந்தவரிடம் முதலில் என்ன செய்ய வேண்டும் என்பதை இதைவிட நன்றாக எந்தப் பாடநூல் சொல்லும்?

லைப்ஸிக் நகரில் வுண்ட்டிடமே பாடம் கேட்டவர்களில் ஒரு கத்தோலிக்கக் குருவும் இருந்தார். அமெரிக்கரான எட்வர்டு பேஸ் அடிகளார் 1891-இல் அங்கு முனைவர் பட்டம் பெற்று, தாயகம் திரும்பி வாஷிங்டனிலுள்ள கத்தோலிக்கப் பல்கலைக்கழகத்தில் உளவியல் ஆய்வுக்கூடத்தைத் தொடங்கினார். பெல்ஜியத்தின் லூவேன் பல்கலைக்கழகத்தில் உளவியலுக்கு இடம் அமைத்த மெர்சியே அடிகளார் பின்னாளில் கர்தினால் ஆனார். இத்தாலியில் பிரான்சிஸ்கன் துறவியான அகஸ்தீனோ ஜெமெல்லி, 1921-இல் மிலான் நகரில் தாம் நிறுவிய கத்தோலிக்கப் பல்கலைக்கழகத்தில் இத்துறையை வளர்த்தார். இவர்கள் எவரும் விசுவாசத்தை இழந்து விடவில்லை.

1965-இல் இரண்டாம் வத்திக்கான் சங்கம், இன்றைய உலகில் திருச்சபையைப் பற்றிய தன் ஏட்டில், மேய்ப்புப் பணியில் இறையியலின் கோட்பாடுகளோடு உளவியல், சமூகவியல் போன்ற அறிவியல்களின் கண்டுபிடிப்புகளையும் அறிந்து பயன்படுத்த வேண்டும் என்று தெளிவாகக் கூறிற்று. 1971-இல் உரோமை கிரகோரியன் பல்கலைக்கழகத்தில் உளவியல் நிறுவனமே தோன்றியது. 2008-இல் கத்தோலிக்கக் கல்விக்கான பேராயம், குருமாணவர்களைத் தேர்வதிலும் உருவாக்குவதிலும் உளவியலாளரின் துணையை எப்படிப் பெறலாம் என்று வழிகாட்டு நெறிகள் வெளியிட்டது. அம்மாணவரின் முழுச் சம்மதம் இல்லாமல் அது நடைபெறக் கூடாது என்றும் சொன்னது. குருக்களை உருவாக்கும் இடத்திலேயே வரவேற்கப்படும் அறிவு, குடும்பத்தினருக்கு எப்படி ஆபத்தாகும்?

கல்லறைத் தோட்டத்து மூலை

இப்போது நான் சொல்லப்போவது மனத்தை உறுத்தும் செய்தி. பெரியவர்கள் அறிவீர்கள். தன் உயிரைத் தானே மாய்த்துக்கொண்டவருக்குக் கோவிலில் திருப்பலி இல்லை, மணி அடிப்பதில்லை, புனிதப்படுத்திய மண்ணில் இடமில்லை என்பது ஒரு காலத்து நடைமுறை. 1917-ஆம் ஆண்டுத் திருச்சபைச் சட்டத்தொகுப்பு, மனமறிந்து தற்கொலை செய்துகொண்டவர்களுக்கு, மரணத்திற்கு முன் மனந்திரும்பிய அடையாளம் காட்டாவிடில், திருச்சபை அடக்கம் மறுத்தது. பிள்ளையை இழந்த தாய், அதே நாளில் தன் கோவிலையும் இழந்து நின்றாள். பழைய கல்லறைத் தோட்டங்களில் சுவரோரத்து மூலைகளுக்கு வாய் இருந்தால் எவ்வளவோ சொல்லும்.

1983-இல் வெளிவந்த புதிய சட்டத்தொகுப்பில், அடக்கச் சடங்கு மறுக்கப்பட வேண்டியவர்களின் பட்டியலில் தற்கொலை செய்துகொண்டவர் குறிப்பிடப்படவில்லை. 1992-ஆம் ஆண்டு மறைக்கல்வி ஏடு, கடுமையான மனக்கோளாறும் பெரும் வேதனையும் அச்சமும் ஒருவரின் பொறுப்பைக் குறைக்க முடியும் என்று கற்பித்து, அவர்களுடைய மீட்பைப் பற்றி நம்பிக்கை இழக்க வேண்டாம் என்றது, அவர்களுக்காகச் செபிக்கவும் பணித்தது. தன் உயிரை மாய்த்துக்கொள்வது தவறு என்னும் போதனை மாறவில்லை. ஆனால் அந்த மனிதன் எவ்வளவு சுதந்திரத்தோடு அதைச் செய்தான் என்னும் கேள்விக்கு நம் பதில் ஆழமானது. மனத்தின் நோயை அறிந்தவர்கள் எத்தனையோ வகுப்பறைகளில் எத்தனையோ ஆண்டுகள் பொறுமையோடு கற்பித்ததற்கும் இதில் பங்கு உண்டு என்பது என் கருத்து. நாட்டுச் சட்டமும் இதே வழியில் நகர்ந்தது. 2017-இல் இயற்றப்பட்டு 2018-இல் நடைமுறைக்கு வந்த மனநலப் பாதுகாப்புச் சட்டம், தற்கொலைக்கு முயன்றவர் கடும் மன அழுத்தத்தில் இருந்தவர் என்றே கருதப்பட வேண்டும், அவரைத் தண்டிக்கலாகாது, அரசு அவருக்குச் சிகிச்சையும் பாதுகாப்பும் தர வேண்டும் என்கிறது.

ஆகவே, உளவியலால் என்ன பயன் என்று கேட்கும் பெற்றோருக்கு என் பதில் இதுதான்: பாவம் எது, நோய் எது, துயரம் எது என்று பிரித்தறியக் கற்றுத் தரும் பாடம் இது. இம்மூன்றையும் ஒன்றாகக் குழப்பியதால் நம் மக்கள் பட்ட பாடு கொஞ்சமன்று. நோயாளியைப் பாவி என்று ஏசினோம். துயரப்படுபவரை நோயாளி என்று ஒதுக்கினோம். சில வேளை பாவத்தையும் நோய் என்று சொல்லித் தட்டிக் கழித்தோம். ஒப்புரவு அருட்சாதனத்தில் குரு மன்னிப்பு வழங்கலாம். ஆனால் மனச்சோர்வு நோய்க்கு மன்னிப்பு மருந்தாகாது. மாத்திரையும் பாவத்தை மன்னிக்காது. எதற்கு எந்தக் கதவைத் தட்ட வேண்டும் என்று தெரிந்தவர்கள் ஊரில் பெருக வேண்டும்.

தேவை எவ்வளவு?

தேசியக் குற்றப் பதிவு ஆவணக் காப்பகத்தின் கணக்குப்படி, 2022-ஆம் ஆண்டில் இந்தியாவில் 1,70,924 பேர் தற்கொலையால் உயிரிழந்தார்கள். மகாராஷ்டிரத்திற்கு அடுத்தபடியாக நம் தமிழ்நாட்டில்தான் எண்ணிக்கை அதிகம்: 19,834. நாடு முழுவதும் அந்த ஓராண்டில் இறந்தவர்களில் மாணவர்கள் மட்டும் 13,044 பேர். பெங்களூரு நிம்ஹான்ஸ் நிறுவனம் 2015-16-இல் தமிழ்நாடு உட்பட 12 மாநிலங்களில் நடத்திய தேசிய மனநல ஆய்வு, வயது வந்தோரில் ஏறக்குறைய பத்தில் ஒருவருக்கு ஏதேனும் ஒரு மனநலக் குறை இருப்பதாகவும், அவர்களில் மிகப் பெரும்பாலோர் சிகிச்சையே பெறாதவர்கள் என்றும் கண்டது.

ஏன் பெறவில்லை? மருத்துவர் பற்றாக்குறை ஒரு காரணம். அறியாமையும் வெட்கமும் மற்றக் காரணங்கள். 2001-ஆம் ஆண்டு ஆகஸ்டு 6-ஆம் நாள் இராமநாதபுரம் மாவட்டம் ஏர்வாடியில், மனநோயாளிகளைத் தங்க வைத்திருந்த ஓலைக் கொட்டகை தீப்பற்றியபோது, சங்கிலியால் கட்டப்பட்டிருந்த 28 பேர் தப்ப வழியின்றி மாண்டார்கள். அதை ஒரு சமயத்தாரின் குற்றமாக எண்ணிவிடாதீர்கள். நோயை நோயென்று அறியாமல், பேய் என்றும் செய்வினை என்றும் சொல்லித் திருத்தலம் திருத்தலமாகக் கொண்டு அலையும் வழக்கம் எல்லாச் சமயத்தாரிடமும் உண்டு, நம்மிடமும் உண்டு. திருத்தலத்திற்குப் போங்கள், செபியுங்கள். வரும் வழியில் மருத்துவமனைக்கும் போங்கள். மருத்துவரின் கையும் இறைவன் தந்த கைதான்.

இங்கேதான் நம்மிலிருந்து எழும் உளவியல் ஆசிரியருக்கு ஒரு தனிப் பணி இருக்கிறது. நம் தாய்மார்கள் தங்கள் வேதனையைப் பாடநூல் மொழியில் சொல்வதில்லை. "மனசு சரியில்ல", "நெஞ்சு படபடங்குது", "எதிலயும் பிடிப்பு இல்ல", "பயந்த மாதிரி இருக்கு" என்கிறார்கள். ஆங்கிலத்தில் மட்டும் படித்துவிட்டு வருபவருக்கு இதன் பொருள் முழுவதும் பிடிபடாது. முதல் தலைமுறையாகக் கல்லூரிக்குள் நுழையும் மாணவிக்கு, அவள் பாட்டி பேசும் சொல்லையும் பாடநூலின் சொல்லையும் அருகருகே வைத்து விளக்கத் தெரிந்த ஆசிரியர் வேண்டும். அந்த ஆசிரியர் நம் தெருவிலிருந்து ஏன் வரக்கூடாது?

வேலை கிடைக்குமா?

மூன்றாவது மறுப்பு நியாயமானது. பசியோடு இருப்பவருக்குப் பிரசங்கம் போதாது. எனவே விவரமாகவே சொல்கிறேன்.

நம் நாட்டில் உளவியல் கற்பித்தல் புதிதன்று. கல்கத்தா பல்கலைக்கழகத்தில் 1916-இலும், மைசூரில் 1924-இலும் இத்துறை தொடங்கியது. சென்னைப் பல்கலைக்கழகத்தில் 1943-இல் தொடங்கியபோது அதற்குத் தலைமை ஏற்றவர் ஜி. டி. போவாஸ் என்னும் தமிழ்க் கிறிஸ்தவர். ஆகவே நமக்கு முன்னோடி இல்லாமல் இல்லை.

பி.ஏ. அல்லது பி.எஸ்ஸி. உளவியலில் பெரும்பாலான கல்லூரிகளில் +2-வில் எந்தப் பிரிவு எடுத்தவரும் சேரலாம். ஆனால் "கணக்குக்குப் பயந்து உளவியல் எடுக்கிறேன்" என்று வருபவர்கள் ஏமாந்து போவார்கள். புள்ளியியல் இதில் கட்டாயப் பாடம். மூளை, நரம்பு மண்டலம் பற்றிய உயிரியலும் உண்டு. அதன்பின் இரண்டாண்டு முதுகலை. பல்கலைக்கழக மானியக் குழுவின் 2018-ஆம் ஆண்டு விதிகளின்படி, கல்லூரி உதவிப் பேராசிரியர் ஆவதற்கு முதுகலையில் 55 விழுக்காடு மதிப்பெண்ணும், நெட் எனும் தேசியத் தகுதித் தேர்விலோ செட் எனும் மாநிலத் தகுதித் தேர்விலோ தேர்ச்சியும் வேண்டும். பட்டியல் இனத்தவர், பழங்குடியினர், வசதி படைத்த பிரிவில் அடங்காத பிற்படுத்தப்பட்டோர், மாற்றுத்திறனாளிகள் ஆகியோருக்கு மதிப்பெண்ணில் 5 விழுக்காடு சலுகை உண்டு. சலுகை உரியவர்கள் வட்டாட்சியர் அலுவலகத்துச் சான்றிதழைக் கடைசி வாரத்தில் தேடாமல், முன்கூட்டியே எடுத்து வையுங்கள். இதற்காக ஓராண்டை இழந்த பிள்ளைகளை நான் அறிவேன்.

நெட் தேர்வு ஆண்டுக்கு இருமுறை நடைபெறுவது வழக்கம். இரண்டு தாள்கள், 150 வினாக்கள், 300 மதிப்பெண், மூன்று மணி நேரம். தவறான விடைக்கு மதிப்பெண் குறைப்பதில்லை. உயர்ந்த இடம் பெறுவோருக்கு முனைவர் பட்ட ஆய்வுக்கு இளநிலை ஆய்வு உதவித்தொகை கிடைக்கும். 2023 ஜனவரி முதல் அது முதல் இரண்டாண்டுகளுக்கு மாதம் 37,000 ரூபாயாக உயர்த்தப்பட்டது. ஏழைக் குடும்பத்துப் பிள்ளை கடன் வாங்காமல் முனைவர் ஆவதற்கு இது ஒரு வாசல். இணைப் பேராசிரியர் நிலைக்கு உயர முனைவர் பட்டம் தேவை. 2022-ஆம் ஆண்டு விதிகளின்படி அதற்குக் குறைந்தது மூன்றாண்டுகள் ஆகும். எம்.ஃபில். பட்டம் அந்த விதிகளால் நிறுத்தப்பட்டதால், பழைய ஆலோசனையைக் கேட்டு அதைத் தேடி அலைய வேண்டாம். இன்னொரு முக்கியச் செய்தி: 2025 ஜூலை-ஆகஸ்டு சேர்க்கை முதல் உளவியலைத் தொலைநிலை வழியிலோ இணைய வழியிலோ நடத்தலாகாது என்று மானியக் குழு அறிவித்தது. "வீட்டிலிருந்தே பட்டம்" என்று விளம்பரம் செய்பவர்களிடம் பணம் கட்டுமுன் நன்கு விசாரியுங்கள்.

கல்லூரி உளவியல் துறை மட்டுமே வேலைவாய்ப்பு என்று எண்ண வேண்டாம். பி.எட். கல்லூரிகளில் உளவியல் ஒரு பாடம். அங்கே கற்பிக்கக் கல்வியியல் பட்டமும் சேர்ந்திருக்க வேண்டும். செவிலியர் கல்லூரியில் உளவியல் உண்டு, சமூகப்பணிப் படிப்பிலும் உண்டு. சி.பி.எஸ்.இ. பள்ளிகளில் +1, +2-வில் அது விருப்பப் பாடம்.

நிரந்தரப் பணி கிடைத்தால் ஏழாவது ஊதியக் குழுவின்படி உதவிப் பேராசிரியரின் தொடக்க அடிப்படை ஊதியம் 57,700 ரூபாய். ஆனால் அதைச் சொல்லிவிட்டு மறுபக்கத்தை மறைப்பது நேர்மையன்று. நிரந்தரப் பணியிடங்கள் குறைவு. கௌரவ விரிவுரையாளராகவும் சுயநிதிப் பிரிவிலும் குறைந்த ஊதியத்தில் பல ஆண்டுகள் காத்திருப்போர் பலர். தேர்வுகளும் எப்போதும் ஒழுங்காக நடப்பதில்லை. 2024 ஜூன் 18-இல் 9 இலட்சத்துக்கும் மேற்பட்டோர் எழுதிய நெட் தேர்வு மறுநாளே இரத்து செய்யப்பட்டு, ஆகஸ்டிலும் செப்டம்பரிலும் மீண்டும் நடத்தப்பட்டது. ஆகவே பெற்றோர்களே, பிள்ளை 22 வயதில் முதுகலை முடித்தவுடன் சம்பளம் எங்கே என்று கேட்காதீர்கள். இதற்குப் பத்தாண்டுப் பொறுமை வேண்டும். பெண்பிள்ளை என்றால், "போதும் படித்தது, மாப்பிள்ளை வந்திருக்கிறார்" என்று பாதி வழியில் நிறுத்திவிடாதீர்கள். அந்தப் பொறுமைக்குத் தயாரில்லாத வீட்டுப் பிள்ளை இவ்வழியில் வராதிருப்பதே நல்லது என்றும் சொல்லிவிடுகிறேன்.

எப்படிப்பட்டவர் வேண்டும்?

இந்தப் பணிக்கு வர விரும்பும் இளைஞர்களுக்கு நான்கு வார்த்தைகள்.

ஒன்று: உன் சொந்தக் காயத்தை ஆற்றிக்கொள்ள இந்தப் படிப்பைத் தேடாதே. காயம் இருந்தால் முதலில் அதற்கு உதவி பெறு. நடுங்கும் கை விளக்கேந்தினால் வெளிச்சமும் நடுங்கும்.

இரண்டு: வகுப்பறை ஒப்புரவு அறையன்று, மருத்துவமனையும் அன்று. பாடம் முடிந்தபின் ஒரு மாணவி அழுதுகொண்டே வந்து நிற்பாள். அவளுக்குச் செவிகொடு. ஆனால் நோய்க்குப் பெயர் சூட்டாதே. தகுந்தவரிடம் கூட்டிச் செல். அவள் சொன்னதை மறுநாள் வகுப்பில் எடுத்துக்காட்டாகச் சொல்லாதே, பெயரை மாற்றியும் சொல்லாதே. ஒப்புரவு இரகசியத்தைக் காக்கும் குருவுக்குரிய அச்சம் உனக்கும் இருக்கட்டும்.

மூன்று: உன் வகுப்பில் எல்லாச் சமயத்துப் பிள்ளைகளும் இருப்பார்கள், சமயமே வேண்டாம் என்பவரும் இருப்பார்கள். அங்கே நீ மறையுரை ஆற்ற வேண்டாம். ஃபிராய்டு சொன்னதை அவர் சொன்னபடியே சொல். உன் விருப்பத்திற்காக அவரைக் கிறிஸ்தவராக்கவும் வேண்டாம், மறைக்கவும் வேண்டாம். உண்மையை உள்ளபடி கற்பிப்பதே கிறிஸ்தவ ஆசிரியரின் முதற் சாட்சியம். உன் விசுவாசம் எங்கே தெரிய வேண்டும் என்றால், பின்வரிசையில் பேசாமல் உட்கார்ந்திருக்கும் பையனை நீ நடத்தும் விதத்தில் தெரியட்டும்.

நான்கு: கேட்கக் கற்றுக்கொள். எரிகோ நகரின் வழியோரத்தில் கத்திக் கூப்பிட்ட பார்த்திமேயு பார்வையற்றவர் என்பது பார்த்த எவருக்கும் தெரியும். இருந்தும் நம் ஆண்டவர் அவரை அருகில் அழைத்து, உனக்கு என்ன வேண்டும் என்று கேட்டார். தெரிந்ததையும் கேட்டு அறிந்துகொள்ளும் அந்த மரியாதையே இந்தப் பணியின் உயிர்.

அன்பர்களே, ஐம்பது ஆண்டுகளுக்கு முன் நம் முன்னோர்கள் இந்தக் கோவிலைக் கட்டியபோது, அருகிலேயே பள்ளிக்கும் கல் சுமந்தார்கள். உடல் நோய்க்கு மருந்தகம் வேண்டும் என்று கேட்டுக் கன்னியரை அழைத்து வந்தார்கள். அந்தத் தலைமுறை தன் காலத்துத் தேவையைக் கண்டுகொண்டது. நம் காலத்துத் தேவை மனத்தில் இருக்கிறது. அதற்குச் சுவர் எழுப்ப முடியாது, ஆட்களைத்தான் உருவாக்க முடியும்.

எனவே வருகிற மூன்று ஞாயிறுகளில், இரண்டாம் பூசை முடிந்ததும், உளவியல் படிக்க ஆசைப்படுகிறவர்கள் மதிப்பெண் பட்டியலோடும் பெற்றோரோடும் பங்கு இல்லத்திற்கு வாருங்கள். பொன்விழாக் காணிக்கையில் ஒரு பகுதியை இந்தப் படிப்புக்கென ஒதுக்கப் பங்குப் பேரவை இசைந்திருக்கிறது. தொகை சிறியதுதான். ஒருவருக்காவது கல்லூரிக் கட்டணம் கட்ட உதவும்.

இந்தக் கூட்டத்தில் எவரேனும் இன்று மனப்பாரத்தோடு உட்கார்ந்திருந்தால், நம் ஆசிரியர் உருவாகி வரும்வரை காத்திருக்க வேண்டாம். 14416 என்னும் டெலி மானஸ் எண்ணை எந்த நேரத்திலும் அழைக்கலாம், கட்டணமில்லை, தமிழிலேயே பேசலாம். பங்கு இல்லத்துக் கதவும் இரவிலும் திறக்கும். தட்டத் தயங்காதீர்கள்.

அடுத்த ஐம்பதாண்டு மலரை யாரோ ஒருவர் எழுதுவார். அந்தப் பட்டியலில் உளவியல் ஆசிரியர் என்னும் சொல்லுக்கு நேரே நம் வீட்டுப் பெயர் ஒன்று இருக்கட்டும். உள்ளங்களை ஊடுருவி அறியும் இறைவன் உங்கள் இல்லங்களையும், படிக்கப்போகும் நம் பிள்ளைகளையும் நிறைவாக ஆசீர்வதிப்பாராக. ஆமென்.